மூன்று மொழிகளில் சொன்ன 'போதும்'

ஆல்வின்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். ரெபேக்காவுக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது, குழந்தை பிறந்ததும் நான் சர்ஜாபூர் ரோட்டு வீட்டுக்கு வந்து ஒரு வருடமாவது உங்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டாய். "உன்னை விட்டா பிள்ளைய யாரை நம்பி விடறதும்மா?" என்றாய். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்த வார்த்தை காதிலேயே நின்றது. நம்பி விடுவது. அதைப் பற்றி உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் பேசினால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கு அழுகை வந்துவிடும், பேச்சு அத்தோடு முடிந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. சாயங்காலம் என்னிடம் பிள்ளைகளை விட்டுப்போன ஆறு வீட்டுக்கும் இதில் ஒவ்வொரு பிரதி போகிறது. அவர்களிடம் உன்னைப் பற்றி நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். எல்லார் முன்னாலும் கொடுத்ததை எல்லார் முன்னாலும்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் பெயரை மாற்றி ஜோஷ்னா என்றும், அவள் அம்மாவை லில்லி என்றும் எழுதியிருக்கிறேன். அது யார் என்று ஆறு வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் காகிதம் யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. லில்லிக்கு முழுவதையும் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகே அனுப்புகிறேன். உனக்குப் புரியட்டும் என்றுதான் இதையும் சொல்கிறேன்: கேட்டுவிட்டுச் செய்வது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை.

நர்சரி ஸ்கூலில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டு ரிட்டயர் ஆனபோது, வீட்டில் சும்மா உட்கார எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பாவும் போய்விட்டார், நீயும் கல்யாணமாகித் தனியாகப் போயிருந்தாய். லிங்கராஜபுரத்தில் நம் தெருவிலேயே வேலைக்குப் போகும் அம்மாக்கள் எத்தனை பேர். மூன்றரை மணிக்கு வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டால், ஆறரை வரைக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அப்படி ஒவ்வொன்றாக வந்து ஆறு பிள்ளைகள் ஆயின. முன்ரூமில் பாய் விரித்து ஹோம்வொர்க், அப்புறம் டிபன், அப்புறம் அரை மணி நேரம் என் போனில் வீடியோ. அந்த அரை மணி நேரம்தான் பெற்றோருக்குக் கவலை. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் மிஸ், நீங்கள் சரி என்றால் எங்களுக்கும் சரி என்றார்கள். அந்த வேலையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு, பிள்ளைகள் கேட்கும் வீடியோவை எல்லாம் காலையில் நானே முதலில் பார்த்து, டிக் அல்லது பெருக்கல் குறி போட்டு, ஏன் என்று ஒரு வரியும் எழுதி வைப்பேன்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது சாப்பாட்டை ருசி பார்க்கும் வீடியோக்கள்தான். இப்படி ஒரு உலகம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு தடியன் குன்று மாதிரி நூடுல்ஸைக் கொட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்கத் தின்றான். பெருக்கல். இரண்டு அக்காதங்கைகள் பச்சையும் நீலமுமாக மிட்டாய்களைச் சப்பி, பிடிக்காததைத் தட்டிலேயே துப்பினார்கள். பெருக்கல். ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்லும் சாக்கில், வாய்க்கு வாய் கம்பெனிப் பெயரைச் சொன்னார். அதுவும் பெருக்கல். எட்டு விதமான வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் நாக்கில் எந்த இடத்தில் இனிக்கிறது என்று பொறுமையாகச் சொன்ன ஒரு கன்னடத்துப் பெண்ணுக்கு டிக் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு ஆறு பிள்ளைகளும் ஏலக்கி வாழைப்பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மென்ற அழகை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். வீண் பண்ணுகிறார்களா, கெட்ட வார்த்தை வருகிறதா, விற்கப் பார்க்கிறார்களா, வயிறு வெடிக்கத் தின்கிறார்களா என்று பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

உன் சேனலுக்கும் டிக் போட்டேன். பதினொரு வீடியோ பார்த்தேன். பழைய ஓட்டல்களில் உட்கார்ந்து தோசையும் சாகு மசாலாவும் தின்று, பிடித்தால் பிடித்தது என்றும், பிடிக்காவிட்டால் சமைத்தவர் மனசு நோகாமலும் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. "என் மகன் சேனல், தாராளமா காட்டலாம். அவனுக்கு நான் கேரண்டி" என்று வாசலில் நின்றே அந்த அம்மாக்களிடம் சொன்னேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்களுடையதை எல்லாம் முதலிலிருந்து கடைசிவரை பார்த்த நான், உன்னுடையதை அப்படிப் பார்க்கவில்லை. உன் கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததற்கு டிக் போட்டேன், ஆல்வின். அது என் தவறு.

போன மாம்பழ சீசனில் நீ வந்தாய். பிள்ளைகளை வைத்து ஒரு வீடியோ எடுக்கலாம் என்றாய். கண்ணைக் கட்டி, பழங்களை ஊட்டி, என்ன பழம் என்று கண்டுபிடிக்கச் சொல்வது. அவ்வளவுதான், பழம் மட்டும்தான் என்றாய். ஆறு வீட்டிலும் நானே போய்க் கேட்டேன். ஐந்து வீட்டில் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். பிரேசர் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரில் வேலை பார்க்கும் லில்லி மட்டும் கொஞ்சம் யோசித்தாள். ஜோஷ்னா கூச்ச சுபாவம், எட்டு வயதாகியும் புது ஆட்களிடம் வாய் திறக்க மாட்டாள் என்றாள். கடைசியில், "நீங்க கூடவே இருப்பீங்கல்ல மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். இருப்பேன் என்றேன்.

அன்று காலையிலேயே எழுந்து மாம்பழம், பலாச்சுளை, சப்போட்டா, கொய்யா, பப்பாளி எல்லாம் வெட்டித் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தேன். கண் கட்டுவதற்கு என் கைக்குட்டைகளைத் துவைத்து, தேய்த்து மடித்துக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் நீ எடுத்தாய், நான் கதவோரம் நின்று பார்த்தேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஜோஷ்னாகூடச் சப்போட்டாவை ஒரே வாயில் கண்டுபிடித்துக் கையைத் தூக்கினாள். அப்புறம் நீ பர்ஸை எடுத்து, "பேக்கரில தில்பசந்த் வாங்கிட்டு வாம்மா, எல்லாருக்கும் என் ட்ரீட்" என்றாய். மெயின் ரோட்டுப் பேக்கரிக்குப் போய்த் திரும்ப இருபது நிமிடம் ஆகும் என்று உனக்குத் தெரியும். நானும் குஷியாகப் போனேன். நீ பெரிய மனுஷனாகி எல்லாருக்கும் வாங்கிக்கொடுக்கிறாய் என்ற நினைப்பில், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று பேசிக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது ஜோஷ்னா வாஷ்பேசினில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. பலாச்சுளை தொண்டையில் சிக்கிவிட்டது, இப்போது சரியாகிவிட்டது என்று நீ சொன்னாய். மற்ற ஐந்து பேரும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். எது நடந்தால் ஒரு ரூம் பிள்ளைகள் மொத்தமாக அமைதியாவார்கள் என்று எனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. ஆனால் நீ சொன்னாய், அதனால் நம்பினேன். தேங்காய்ப் பூரணம் வைத்த அந்த தில்பசந்தை ஜோஷ்னா தொடவில்லை. அதைப் பேப்பரில் மடித்து அவள் பையில் வைத்து அனுப்பினேன்.

பழ வீடியோ உன் சேனலில் வந்தது. அதை எல்லா வீட்டிலும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அதற்கும் ஒன்பது நாள் கழித்து ஒரு சாயங்காலம் லில்லி வந்தாள். எப்போதும் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருபவள், அன்று வெளியிலேயே நின்றாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டின்போது வேறொரு வீடியோவை எல்லாருக்கும் காட்டிச் சிரித்தாளாம். இது உன் பொண்ணு மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறாள். லில்லி போனை கேட் கம்பிக்கு நடுவே என்னிடம் நீட்டினாள்.

அது உன் சேனல் இல்லை. எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த இன்னொரு பக்கம். அதில் என் வீட்டு முன்ரூம், என் பாய், என் கைக்குட்டை. ஜோஷ்னா கண் கட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள். "கடைசி ஐட்டம் பாயசம், ஆ காட்டு" என்று உன் குரல் கேட்கிறது. அவள் வாயைத் திறக்கிறாள். அதில் நீ ஊட்டியது பாகற்காயும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்த சாறு. அதை வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறாய். அவள் முகம் சுருங்குகிறது, நீ சிரிக்கிறாய். "போதும்ணா" என்கிறாள். இன்னும் ஒரு ஸ்பூன், அப்புறம்தான் சக்கரை என்கிறாய். அவள் "சாக்கு, சாக்கு" என்று கன்னடத்தில் சொல்கிறாள். தமிழில் சொன்னது உனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ. ஸ்பூன் மறுபடி போகிறது. அப்போது "இனஃப் அண்ணா" என்று இங்கிலீஷிலும் சொல்லிவிட்டு அழுதாள். தெரிந்த மொழி மூன்றிலும் ஒரு குழந்தை போதும் என்று சொல்லியிருக்கிறது. அவள் அழுத இடத்தில் நீ ஒரு கோமாளிச் சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்திருந்தாய்.

பார்த்து முடித்துவிட்டு நான் தலை நிமிர்ந்தேன். லில்லி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மிஸ், நீங்க அங்கதான இருந்தீங்க?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். அவள் போனை வாங்கிக்கொண்டு, உள்ளே எழுதிக்கொண்டிருந்த மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

அன்று உனக்குப் போன் செய்தபோது நீ பதறவில்லை என்பதுதான் என்னை முதலில் உடைத்தது. "பாகற்காய் ஜூஸ்மா, விஷமா கொடுத்தேன்? எல்லாரும் பண்றதுதான். ஜனங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றாய். எடுத்துவிடு என்றேன். எடுக்கிறேன் என்றாய். மறுநாள் பார்த்தால் அந்த வீடியோ அப்படியேதான் இருந்தது, ஜோஷ்னாவின் முகத்தின் மேல் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு சிரிக்கும் பொம்மையை ஒட்டியிருந்தாய். அழும் பிள்ளையின் முகத்தில் சிரிப்பை ஒட்டிவிட்டு, போதுமா என்று எனக்கு மெசேஜ் போட்டாய். மூன்றாவது நாள் அது காணாமல் போனபோது, கடைசியில் என் மகனுக்கு மனசு வந்துவிட்டது என்று முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். போன மாதம்தான் ரெபேக்கா சொன்னாள். உன் போனை எடுத்து அதை அழித்தது அவளாம். நீ அதற்காக அவளிடம் இரண்டு நாள் பேசவில்லையாம். என்னிடம் மட்டும் நீ எடுத்துவிட்டதாகச் சொன்னாய்.

ஆனால் இதையெல்லாம்விட என்னை வதைத்தது வேறொன்று. இருப்பதிலேயே சின்னவனுக்கு ஆறு வயது. அவன் ஒருநாள் டிபன் சாப்பிடும்போது தானாகவே சொன்னான். "அண்ணா மிஸ்கிட்ட சொல்லாதீங்கன்னாங்க. சொன்னா உங்களுக்கு பிபி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிடுவீங்களாம்." ஆக, அந்த ஆறு பிள்ளைகளும் பயந்து வாயை மூடவில்லை, ஆல்வின். என் மேல் இருந்த பிரியத்தில் மூடிக்கொண்டார்கள். என்ன நடந்தாலும் மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்று நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்ததை, அவர்கள் என்மேல் வைத்த பாசத்தைக் கொண்டே நீ அழித்துவிட்டாய். என் மாத்திரை டப்பாவில் நாள் பார்த்து மாத்திரை அடுக்கிவைப்பவன் நீதான். என் பிபியை உன்னைத் தவிர வேறு யாரால் அப்படிப் பயன்படுத்த முடியும்?

ஆறு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, நான் அப்போது வீட்டில் இல்லை, இருப்பேன் என்று சொன்னது பொய்யாகிவிட்டது, என் மகனுக்கு நான் கொடுத்த கேரண்டி செல்லாது என்று சொன்னேன். ஒரு வீட்டில் காபி கொடுத்து, விடுங்கள் மிஸ், பையன்கள் விளையாட்டு என்றார்கள். அந்த வார்த்தையும் சுட்டது. இரண்டு வீட்டில் அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகளை அனுப்பவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லில்லி வீட்டுக் கதவு முதல் முறை திறக்கவில்லை. இரண்டாம் வாரம் திறந்தது.

உன்னை மட்டும் குற்றவாளியாக நிறுத்திவிட்டு நான் நல்லவளாகப் போய்விடுவது நியாயம் இல்லை. உனக்கு ஐந்து வயதில் உடம்பு தேறவே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று தினம் காலையில் பாலில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் கொடுப்பேன். நீ மாட்டேன் என்பாய். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும் என்று கண்டுபிடித்தேன். ஒருநாள் "போதும்மா, போதும்மா" என்று என் கையைத் தள்ளினாய், நான் டம்ளரைக் கவிழ்த்து முழுவதையும் ஊற்றினேன். அத்தனையும் என் புடவையில் வாந்தியாக வந்தது. வீட்டுக்கு வந்திருந்தவர்களிடம் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்தேன், நீ என் பக்கத்திலேயே நின்றிருந்தாய். யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாய். இப்போது அந்த வீடியோவை நினைக்கும்போதெல்லாம் அந்த டம்ளரும் சேர்ந்துதான் வருகிறது. போதும் என்று பிள்ளை சொன்னால் அது பெரியவர்கள் காதில் விழ வேண்டியதில்லை, அப்புறம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்பதை நீ முதலில் என் கையிலிருந்துதான் கற்றாயோ என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முப்பது வருடம் பிந்திவிட்டது. ஆனாலும், நான் செய்ததனால் நீ செய்தது சரியாகிவிடாது. உன்னை வாந்தி எடுக்க வைத்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பயந்தேன், மறுநாளிலிருந்து முட்டையை நிறுத்தினேன். நீ இரண்டாவது ஸ்பூன் எடுத்தாய்.

இரண்டு மாதம் கழித்து ஜோஷ்னா மறுபடி என்னிடம் வந்தாள். லில்லிக்கு வேறு வழியில்லை என்பதும் ஒரு காரணம்தான், அதை நான் மறைக்கவில்லை. டிபனுக்கு முன்னால் கண்ணை மூடி, கைகூப்பி ஜெபம் சொல்வது எங்கள் வழக்கம் அல்லவா. முதல் நாள் எல்லாரும் கண்ணை மூடினார்கள், அவள் மூடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. மற்ற பிள்ளைகள் அதைக் கவனித்துக் கிசுகிசுக்க ஆரம்பித்தபோது, இனிமேல் நாம் எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் பண்ணலாம், ஆண்டவருக்குக் கேட்கும் என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் பண்ணுகிறோம். அவள் உப்புமாவைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்து முதலில் நான் சாப்பிட்டுக் காட்டுகிறேன்.

இப்போதும் பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள், இந்த வீடியோக்களைக் காட்டலாமா என்று. என் நோட்டில் பழைய பக்கங்களை எல்லாம் அடித்துவிட்டேன். என்ன தின்கிறார்கள் என்பதை இப்போது நான் கடைசியில்தான் பார்க்கிறேன். யாராவது வேண்டாம் என்று சொல்லும் இடம் வருகிறதா, அப்போது ஊட்டுகிறவன் கை நிற்கிறதா என்று பார்க்கிறேன். நின்றால் காட்டலாம். நிற்காமல் போய், அதற்குச் சிரிப்புச் சத்தமும் போட்டிருந்தால், திரையில் இருப்பது தேனாக இருந்தாலும் என் வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம். பார்க்கும் பிள்ளை கற்றுக்கொள்வது ருசியை இல்லை. அடுத்தவன் அழுவது எவ்வளவு வேடிக்கை என்பதைத்தான். உன் பிள்ளைக்கும் ஆறு மாதத்தில் முதல் சோறு ஊட்டுவாய். எலுமிச்சையை நாக்கில் தடவி அது முகம் சுளிப்பதைப் படம் பிடிக்க உனக்குக் கை துறுதுறுக்கும். அது தலையைத் திருப்பினால் ஸ்பூனைக் கீழே வை. பேச்சு வராத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் வருவேன். ரெபேக்காவுக்காகவும் பிறக்கப்போகும் பிள்ளைக்காகவும் வருவேன். ஆனால் ஒரு வருடம் முடியாது, இங்கே நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று மாதம் இருப்பேன், அதுவரை இந்த நாலு பேரையும் பார்த்துக்கொள்ள என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள். நான் இருக்கும் ரூமில் கேமரா இருக்கக்கூடாது. உன்னை முன்போல நம்புகிறேனா என்று கேட்டால், இல்லை. நீ என் மகன் என்பது மாறவில்லை, சாப்பிட்டாயா என்று தினம் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆனால் யாரிடமும் உனக்காக நின்று, அவன் நல்லவன், நான் பொறுப்பு என்று இனி சொல்ல மாட்டேன். அது உடைந்துபோயிற்று. ஒட்ட வேண்டுமானால் நீதான் ஒட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று செய். சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் லில்லியும் ஜோஷ்னாவும் வீட்டில் இருப்பார்கள். நீ வருவாய் என்று லில்லியிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பிள்ளையின் இஷ்டம் என்றாள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ. தின்பதற்கு எதுவும் வாங்கிப் போகாதே. நான் கூட வர மாட்டேன். மாடியில் இடது பக்க வீடு. ஒரு முறை பெல் அடி. திறந்தால், நின்றபடியே நீ செய்ததைச் சொல், விளையாட்டு என்ற வார்த்தையைச் சொல்லாமல் சொல். திறக்கவில்லை என்றால் இரண்டாம் முறை அடிக்காதே. இறங்கி வந்துவிடு.

அம்மா